ரேஷ்மா பாடாத ஆறு பாட்டு

விமர்சகனைத் தேடி வாசகர் வீட்டுக்கே வருவது பெரிய கௌரவம் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் என்னைத் தேடி வந்தது ஒரே ஒரு பெண். அவளும் சண்டைக்குத்தான் வந்தாள்.

காரைக்காலில் இருந்தபடி சென்னை இணையதளம் ஒன்றுக்கு வாராவாரம் பட்டியல் எழுதி வந்தேன். சினிமாவுக்கு வெளியே பேண்டுகள் தாங்களே போடும் இண்டி, ஆல்டர்நேட்டிவ் ராக் ஆல்பங்களில் புதிதாக வந்தவற்றில் கேட்கவேண்டிய பத்து. வெள்ளிக்கிழமை காலையில் போய்விட வேண்டும். வந்து குவிகிற ஆல்பங்களை எல்லாம் யார் கேட்பது? தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. பேண்டுக்காரர்கள் பாட்டோடு ஒரு பக்கம் பிரஸ் நோட் அனுப்புவார்கள். யார் கிட்டார், யார் டிரம்ஸ், யார் பாடுகிறார் என்று எல்லாம் அதில் இருக்கும். முதல் பாட்டை அரை நிமிஷம் கேட்போம், மீதியை நோட்டைப் பார்த்து எழுதிவிடுவோம். 'எழுதிவிடுவோம்' என்று ஊரையே ஏன் கூட்டுக்கு இழுக்கிறேன்? நான் எழுதினேன்.

1. எந்தப் பாட்டுல?

"வெள்ளிக்கிழமை லிஸ்ட்டு எழுதுறது நீங்கதான சார்?"

"ஆமாம்மா, உள்ள வாங்க."

உள்ளே வரவில்லை. வாசல் கேட் அருகிலேயே நின்று போனை நீட்டினாள். என் பட்டியல்தான். 'ஈரச்சுவர்' என்ற உள்ளூர் பேண்டின் ஆறு பாட்டு ஆல்பம் மூன்றாவது இடத்தில் இருந்தது.

"ரேஷ்மாவின் கரகரத்த குரல்தான் இந்த ஆல்பத்தின் உயிர்னு எழுதியிருக்கீங்க. எந்தப் பாட்டுல சார்?"

"எல்லாத்துலயும்தாம்மா" என்றேன், வாய் கூசாமல்.

அவள் முதல் பாட்டைப் போட்டாள். ஒரு நிமிஷத்துக்குமேல் வெறும் கிட்டார். பிறகுதான் குரல் வந்தது. கரகரப்பே இல்லை, நேராக நெஞ்சில் இறங்குகிற குரல்.

"இது நான் சார். ஆறும் நான்தான் பாடினேன். முன்ன பாடிட்டிருந்த ரேஷ்மா பெங்களூருக்குப் போயி எவ்ளோ நாளாவுது. தினேஷண்ணன் பழைய நோட்ட மாத்தாம அனுப்பிட்டாங்க. நீங்க ஒரு பாட்டாவது கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

அவள் பெயர் கலையரசி. கிளிஞ்சல்மேடு. டவுனில் மொபைல் கடையில் வேலை. தினேஷ் சுரக்குடிக்காரர், பேண்டின் கிட்டாரும் அவர்தான், தலைவரும் அவர்தான்.

"எங்கப்பா மீன்பிடிக்கப் போட்டுல போறவரு. 'நாலு பேரு பாக்குற எடத்துல ஒம்பேரு வந்தா பாடு, இல்லன்னா இதோட நிறுத்திரு'ன்னுட்டாரு. லிஸ்ட்டு வந்துருக்குன்னு சொன்னதும் படிச்சுக் காட்டச் சொன்னாரு. ரேஷ்மான்னு படிச்சேன். 'அது யாரு?'ன்னு கேட்டாரு."

திருத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபோது உண்மையாகத்தான் கொடுத்தேன்.

2. கை வைக்காதீங்க

இணையதளத்தின் ஆசிரியருக்கு உடனே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"சார், அந்த லிஸ்ட் எப்படிப் போயிட்டிருக்கு தெரியுமா? அதுல கை வைக்காதீங்க. இப்ப மாத்தினா நாம கேக்காமயே எழுதுறோம்னு நாமளே தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும். அடுத்த தடவ அந்தப் பொண்ணப் பத்தி நல்லா எழுதிடுங்க, சரியாப் போச்சு."

இணையத்தில் எனக்கென்று சொந்தப் பக்கம் இருந்தது. அதில் நாலு வரி எழுதியிருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது. எழுதவில்லை. ஆசிரியர் மேல் பழியைப் போட வசதியாக இருந்தது. உண்மையில் என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். அவள் பெயரை விட என் பெயர் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

சில வாரம் கழித்து தினேஷ் போன் செய்தார். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

"சார், உங்க லிஸ்ட்டப் பாத்துட்டு பெங்களூரு மியூசிக் ஃபெஸ்டிவல்ல கூப்பிட்டிருக்காங்க. அந்தக் கரகரக் குரல் வேணும்னு கேக்குறாங்க சார். ரேஷ்மாகிட்ட பேசினேன், வர்றேன்னுட்டாங்க."

"கலையரசி?"

"அவங்க வீட்ல வெளியூரெல்லாம் அனுப்ப மாட்டாங்க சார்."

கேட்டுப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. ஃபெஸ்டிவல் முடிந்ததும் ஆறு பாட்டையும் ரேஷ்மாவை வைத்துத் திரும்ப ரெக்கார்ட் செய்தார்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். கலையரசி பாடியது இணையத்தில் எங்கும் இல்லை.

எனக்கு வந்த பழைய பிரதி கம்ப்யூட்டரில் இருந்தது. அன்றுதான் ஆறையும் முழுசாகக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் சிபாரிசு செய்தவற்றில் பாதிக்குமேல் இதன் பக்கத்தில் நிற்காது. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு மொபைல் கடைக்குப் போனேன். யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"முழுசாக் கேட்டேம்மா. ரொம்ப நல்லாப் பாடியிருக்கீங்க."

நான் நீட்டிய பென்டிரைவை அவள் தொடவில்லை.

"நான் பாடினது எனக்குத் தெரியும் சார். எனக்கு எதுக்கு இது?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம், "உங்களுக்கு என்ன மாடலுங்க?" என்றாள்.

இப்போது பட்டியல் எழுதுவதை விட்டுவிட்டேன். புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கடைசிப் பாட்டு வரை கேளுங்கள். தப்பு நடந்தால் தெரிந்த அன்றைக்கே, உங்கள் பெயரைப் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் கூட, உங்கள் தப்பை வைத்து மற்றவர்கள் வீடு கட்டிவிடுவார்கள்.

அந்தப் பட்டியல் இன்னும் தளத்தில் இருக்கிறது. 'ரேஷ்மாவின் கரகரத்த குரல்தான் இந்த ஆல்பத்தின் உயிர்' என்ற வரியும் அப்படியே இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பாட்டைப் போடுகிறவர்களுக்கு இப்போது ரேஷ்மாவின் குரல்தான் கேட்கிறது. இனி அதில் திருத்த ஒன்றுமில்லை.