நான்கு நகல்களும் ஒரு பெயரும்

பிப்ரவரி 3: பதினான்கு இடங்கள்.
பிப்ரவரி 19: இருபத்திரண்டு இடங்கள்.
மார்ச் 2: நாற்பத்தொரு இடங்கள்.

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்த அந்த அம்மாளுக்கு வீட்டில் வைத்த பெயர் சல்லடை. மருந்துச் சீட்டைக்கூடத் திருத்திவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவாள் என்பது கணவரின் கேலி. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கட்டுரை, கடிதம் தட்டச்சு செய்ய இலவசமாகக் கிடைக்கும் ஓர் எடிட்டர் மென்பொருளுக்கு உதவிப் பக்கங்களைத் தமிழில் எழுதும் குழுவில் சேர்ந்தாள். அவளுக்குக் கிடைத்தது கட்டளை வரித் தெரிவுகள் பற்றிய பக்கம். எடிட்டரைத் திறக்கும்போது அதன் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு ஓர் எழுத்தைத் தட்டுவார்கள். எந்த எழுத்து என்ன செய்யும் என்று அந்தப் பக்கம் சொல்லும். மேலே இருப்பவை அதில் அவள் சொற்களை மாற்றிய கணக்கு.

பல கை பட்ட பக்கம். ஒருவர் ‘காப்பு நகல்’ என்று எழுதியிருந்தார், ஒருவர் ‘முந்தைய நகல்’, இன்னொருவர் ‘பத்திர நகல்’. ‘மீட்பு நகல்’ என்றும் ஒன்று இருந்தது. ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்பது அச்சகத்தில் அவளுக்கு ஊறிப்போன சட்டம். மார்ச் 2 அன்று நான்கையும் ‘காப்பு நகல்’ ஆக்கினாள். பக்கம் துடைத்துவிட்டதுபோல் ஆயிற்று. குழுப் பொறுப்பாளரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டார்.

மார்ச் 21 காலை, முகம் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல, ஒரு பகல் முழுக்கத் தட்டச்சு செய்திருக்கிறாள். சேமிப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. மறுநாளே அப்பாவுக்குப் பக்கவாதம், பேச்சு போய்விட்டது. ‘உங்கள் பக்கத்தில் பி, ஆர் என்ற இரண்டு எழுத்துக்கும் ‘காப்பு நகலைத் திற’ என்றே இருக்கிறது. பி போட்டேன். பழையதுதான் வருகிறது, அன்றைக்குச் சொன்னது எதுவும் இல்லை. மூடப் பயமாக இருக்கிறது. இதைச் சேமித்துவிடவா?’

அம்மாள் பக்கத்தின் பழைய வடிவத்தைத் தேடியெடுத்துப் படித்தாள். பி, கடைசியாகச் சேமித்ததற்கு முந்தையதைத் திறக்கும். ஆர், தட்டத் தட்ட எடிட்டர் தானே ஓசைப்படாமல் எழுதி வைத்ததைத் திறக்கும். மூன்று பெயர்கள் ஒரே பொருளுக்கு. நான்காவதான ‘மீட்பு நகல்’ வேறு பொருள்.

பொறுப்பாளருக்குப் போன் போட்டாள்.

“அடுத்த வெளியீட்டுல மாத்திக்கலாம்கா, அவசரமில்ல.”

“பக்கம் கிடக்கட்டும் தம்பி. அந்தப் பொண்ணு சேமிச்சா மீட்பு நகல் அழிஞ்சிடுமா, சொல்லுங்க.”

“அழியும்னுதான் நெனைக்கிறேன். செஞ்சு பாத்ததில்ல.”

“நெனைக்கிறத வெச்சு நான் ஏற்கனவே ஒரு தடவ திருத்திட்டேன்.”

எதையும் தொட வேண்டாம் என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி அனுப்பினாள். பிறகு தன் கணினியில் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து நாலு வரி தட்டிவிட்டு, சேமிக்காமலே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். “கரண்டு போச்சுன்னு பொலம்புறவங்கள பாத்திருக்கேன். நீயே புடுங்குறியா?”

“பேசாம இருங்க. மறுபடியும் புடுங்கணும்.”

முதல் முறை பி போட்டுச் சேமித்துவிட்டு ஆர் போட்டாள். நாலு வரியும் போய்விட்டன. இரண்டாம் முறை பி போட்டு, சேமிக்காமல் வெளியேறி, ஆர் போட்டாள். நாலு வரியும் வந்து நின்றன.

“மூஞ்சில ரத்தம் திரும்பிடுச்சே,” என்றார் கணவர்.

“அந்தப் பொண்ணுக்கு இன்னும் எழுதல.”

தவறு தன்னுடையது என்று முதலில் எழுதினாள். பிறகு: சேமிக்காதீர்கள், வெளியேறுங்கள், ஆர் போடுங்கள். அனுப்பிவிட்டுப் பக்கத்தைத் திறந்து, மீட்பு நகலுக்கு அதன் பெயரைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்து வந்த நாட்களில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே போன் இருந்தது. கணவர் கேலியைக் குறைத்துக்கொண்டார். ஒருமுறை அவரே எடுத்து, ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்தார்.

‘கடைசி வாக்கியம் மட்டும் பாதியில் நிற்கிறது. மீதி எனக்கு நினைவிருக்கிறது. அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.’ அந்தப் பெண்ணிடமிருந்து வந்த கடைசிக் கடிதம் அதுதான். வந்த தேதி மார்ச் 24.