கால் இறக்க ஒரு குழி

என் அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வெள்ளைக்கோடு போடாத ஒரு வேகத்தடை பைக்கோடு அவனைத் தூக்கி எறிந்ததில் முதுகெலும்பு போய்விட்டது. அதுவரை பட்டு நெய்துகொண்டிருந்தவன். அதற்குப் பிறகு செவிலிமேட்டில் எங்கள் வீட்டு முன்னறைக் கட்டில்தான் அவனுக்கு ஊர், உலகம் எல்லாம். தூக்க ஓர் ஆள், கழுவ ஓர் ஆள், திருப்பிப் படுக்க வைக்க ஓர் ஆள். போதாததற்குப் பார்க்க வருகிறவர்கள். வாழைப்பழத்தை நீட்டி, "மனச மட்டும் உட்றாதபா" என்று சொல்லுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனசை விடாமல் அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை.

ஒருநாள் அவனே சொன்னான்.

"டேய், ஆத்துக்குப் போவணும்டா."

"வாண்ணா, தூக்கிக்கினு போறேன்."

"அதாண்டா வேணாங்கறேன். ஒருத்தரும் என்னைத் தொடக் கூடாது. நானா போவணும், நானா வரணும்."

எங்கள் தெரு முடிகிற இடத்தில் பாலாறு. தண்ணீர் இருக்காது. மணலும் பள்ளமும் சீமைக்கருவேல முள்ளும்தான். ஊனமுற்றோருக்குக் கொடுக்கிற மூன்று சக்கர வண்டி அந்த மணலில் இறங்கினால் அச்சுவரை புதைந்துவிடும். நான் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வெல்டிங் வேலை செய்கிறேன். நாமே ஒரு வண்டி கட்டினால் என்ன என்று தோன்றியது.

இரண்டு பேருக்கும் படம் போட வராது. வாசலில் ஆணி அடித்து, தறியில் மீந்துகிடந்த பாவு நூலை இழுத்துக் கட்டி, வண்டியை முழு அளவில் நூலாலேயே தரையில் போட்டோம். அண்ணன் பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு நூலைச் சுண்டிப் பார்ப்பான். "அந்த மூலை கோணிக்கினு இருக்குது பாரு" என்பான். அளந்தால் கோணித்தான் இருக்கும். நெசவுத் தெரு அல்லவா, பாவைக் காலால் தாண்டக் கூடாது என்று போகிறவர் வருகிறவர் யாரும் அந்த நூலைத் தாண்டவில்லை. சுற்றிக்கொண்டு போனார்கள். விபத்துக்குப் பிறகு அவன் யாரையாவது அதட்டி நான் கேட்டது அந்த வாரம்தான்.

சதுர இரும்புக் குழாயில் சட்டம். காயலான் கடையிலிருந்து ஒரு பைக் இன்ஜின். ஆக்சிலேட்டர், பிரேக் எல்லாம் கைக்கு. முதலில் சஸ்பென்ஷன் வைக்கவில்லை. தெருவிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். அன்று சாயங்காலம் துடைக்கும்போது அண்ணி பார்த்தார், உட்கார்ந்த இடம் சிவந்து கன்றிப்போயிருந்தது. உணர்ச்சி இல்லாத உடம்பில் அப்படிச் சிவந்தால் அடுத்தது புண்தான். அந்தப் புண்ணுக்கு அண்ணி பயந்ததுபோல வேறு எதற்கும் பயந்ததில்லை.

"இந்த வண்டி வேணாம் தம்பி. புண்ணு வந்தா வண்டியா வந்து பாக்கும்?" என்றார்.

அந்தப் புண்ணுக்குப் பயந்துதான் சஸ்பென்ஷனில் முழு மூச்சாக இறங்கினோம். முன்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி இரும்புக் கை, தனித்தனி ஷாக் அப்சார்பர். இன்ஜினையும் பின் அச்சையும் ஒரே சின்னச் சட்டத்தில் பூட்டி, அந்தச் சட்டமே ஏறி இறங்குகிறபடி வைத்தோம். பள்ளத்தில் சக்கரம் குதித்தாலும் சீட் அலுங்காது. தண்ணீர் நிறைந்த சொம்பைச் சீட்டில் வைத்துத் தள்ளிப் பார்த்தோம், சிந்தவில்லை. அண்ணியும் பார்த்தார்.

மிச்சம் இருந்தது கால். நீட்டி வைத்தால் இடுப்பு சரிந்தது. மடக்கி வைத்தால் முன்னால் சாய்ந்தான்.

"தறியில ஒக்கார்ற மாதிரி ஒக்கார வெய்டா. அப்பதான் ஒடம்பு நிக்கும்" என்றான்.

எங்கள் தறி குழித்தறி. குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டுத்தான் நெய்வோம். சின்ன வயதிலிருந்து அப்படி உட்கார்ந்து பழகிய உடம்பு. சீட்டுக்கு முன்னால் தகரத்தில் ஒரு குழி அடித்து இறக்கினேன். காலை உள்ளே விட்டு, மேலே லுங்கியை விரித்துவிட்டதும், எதிலும் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டிலில் கிடக்கிற நோயாளி போய், என் பழைய அண்ணன் வந்து உட்கார்ந்திருந்தான்.

வண்டி நீண்டுவிடக் கூடாது என்று இன்ஜினைச் சீட்டுக்கு அடியில் நுழைத்திருந்தோம். சைலன்சர் குழாய் அந்தத் தகரக் குழியின் பின்பக்கம் போனது. இடையில் கை நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கற்பூரம் ஏற்றி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினான். கரையோடு எங்களை நிற்கச் சொல்லிவிட்டான். சரிவில் இறங்கி, மணலில் ஏறி, மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டினான். சக்கரங்கள் குதியாட்டம் போட்டன. அவன் மட்டும் அலுங்காமல் போனான். தூரத்தில் போய்க் கத்தினான். என்ன கத்தினான் என்று கேட்கவில்லை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். திரும்பிவர அவனுக்கு மனசே இல்லை.

வந்தபோது வண்டியிலிருந்து ஒரு தீய்ந்த நாற்றம்.

"புது பெயின்ட்டுடா, சூட்டுக்கு அப்படித்தான் நாறும்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டில் இறக்கிப் படுக்க வைத்து, அண்ணி முதலில் இடுப்பைத்தான் திருப்பிப் பார்த்தார். ஒரு சிவப்புகூட இல்லை. நிம்மதியாக லுங்கியை உருவினார். இடது கெண்டைக்காலில் தோல் லுங்கியோடு சேர்ந்து வந்தது. கணுக்காலிலிருந்து மேலே வெந்து வெளுத்திருந்தது. அண்ணன் தலையைத் தூக்கி, யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்து, "என்னா அது?" என்று கேட்டான்.

வண்டி நிற்கும்போது இருந்த இடைவெளி ஓடும்போது இல்லை. பின்சக்கரம் மேட்டில் ஏறும்போதெல்லாம் இன்ஜினும் கூடவே ஏறி, சைலன்சரைத் தகரத்தோடு ஒட்டவைத்திருக்கிறது. இடுப்பைக் காப்பாற்ற வைத்த ஸ்பிரிங்தான் காலுக்கு நெருப்பு வைத்தது. நெய்கிறவன் குழிக்குள் இருக்கும் காலைக் குனிந்து பார்ப்பதில்லை. மிதிக்கிற கட்டை எங்கே என்பது காலுக்கே தெரியும். தறியில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்துவிட்டதால், அந்தக் காலுக்கு இனி எதுவும் தெரியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் மறந்துபோனது. வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு குழியை வெட்டி, அதில் காலை இறக்கி, பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

அவனுக்குச் சர்க்கரை வேறு. புண் ஆறவில்லை, கறுத்தது. சென்னைக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்கு மேலேயே காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். "வலிச்சிருந்தா நிறுத்தியிருப்பேனே சார்" என்று டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "அந்த வண்டி என் கண்ணுல படக் கூடாது தம்பி. அறுத்துப் போட்டுடு."

கம்பெனியிலிருந்து இரும்பு அறுக்கிற கிரைண்டர் எடுத்து வந்தேன். முன்னறையிலிருந்து ஒயர் இழுத்து, வாசலில் வண்டியைச் சாய்த்து முதல் குழாயில் பிளேடை வைத்தபோது, கட்டிலிலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

"டேய். இப்ப எடது பக்கம் வெயிட்டு கொறைஞ்சிருக்கும். அந்தப் பக்கம் ஸ்பிரிங்க கொஞ்சம் லூசு பண்ணிட்டு, சைலன்சர வெளிப்பக்கமா திருப்பிட்டா..."

"வாய மூடுண்ணா!" என்று கத்திவிட்டேன். "இன்னொரு கால் இருக்குதுன்னு பாக்கறியா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றான். யாராவது திருப்பிவிட்டால்தான் அவனால் திரும்ப முடியும். அதனால் என்னைப் பார்த்தபடியே கேட்டான்.

"அப்ப நான் எங்கதாண்டா போவட்டும்?"

கிரைண்டர் என் கையில் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிக் கட்டில்மேல் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.