இரண்டாவது கோடு

2006-இல் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் தாள் அடுக்கும் வேலை பார்த்தேன். ஆடி முடிந்தாலே எங்களுக்கு அடுத்த வருடம் பிறந்துவிடும். ஆளுக்கு ஒரு மாதமாக உட்கார்ந்து தினசரித் தாள்களை அடுக்குவோம். வெளியே ஆவணி வெயில். என் மடியில் பிப்ரவரி.

அந்தப் பிப்ரவரியில்தான் எனக்குப் பிள்ளை பிறக்கும் என்று டாக்டர் தேதி சொல்லியிருந்தார். மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. பத்து நாள் படுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினால், அந்தத் தேதித் தாள் நாளெல்லாம் கைக்கு வந்துகொண்டே இருந்தது.

ஒரு மாதமாகியும் மாதவிலக்கு வரவில்லை. மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டு கோடு! இரட்டைப் பிள்ளையில் ஒன்று போய் ஒன்று தங்கிவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை. பசை வாசம்கூட இனித்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபின் ஒரு நர்சம்மா என்னைத் தனியே உட்காரவைத்தார்.

"வயித்துல ஒண்ணுமில்லம்மா. போன பிள்ளைக்காகச் சுரந்த ஹார்மோன் ரத்தத்துலருந்து இன்னும் வடியல, அதான் கோடு காட்டுது. அது வடிஞ்சாத்தான் திரும்பக் கருமுட்டை வரும். அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துல தூரமும் வந்துரும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. வடியவே வேண்டாம் என்று நினைத்தேன். என் பிள்ளை இருந்ததற்கு அந்த இரண்டாவது கோட்டை விட்டால் வேறு என்ன சாட்சி? வாரம் ஒரு கார்டு பார்த்தேன். கோடு வெளிறிக்கொண்டே போய், ஒரு காலையில் இல்லவே இல்லை.

அன்று வேலையில் அழுதுவிட்டேன். பக்கத்தில் மார்ச் அடுக்கும் அக்காவுக்கு என் கதை தெரியும்.

"எந்திரிம்மா. நீ மார்ச்சுல உக்காரு, பிப்ரவரிய நான் பாத்துக்கிடுறேன்" என்று இடம் மாறிக்கொண்டார்.

மார்ச்சுக்கு வந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஒரு மதியம் அடிவயிற்றில் ஒரு பக்கமாக மெல்லிய வலி. முன்பெல்லாம் மாதத்தின் நடுவில் வருகிற அதே வலி. கை பாட்டுக்குத் தாளை அடுக்க, சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. முட்டை வந்துவிட்டதோ என்று தோன்றியது. நர்சம்மா சொன்னபடியே இரண்டு வாரத்தில் மாதவிலக்கும் வந்தது.

வலித்த அந்த நிமிடம் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. பிறகு எனக்கு ஒரு மகள் பிறந்தாள். ஆனால் போன பிள்ளையை விட்டுவிடாமலே இன்னொரு பிள்ளைக்கு ஆசைப்படலாம் என்பதை, அவள் வருவதற்கு வெகு முன்பே, என் உடம்புதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.