நல்லரெத்தினத்தின் காரும் பெரிய வால்வும்

மீராமுகைதீன் நல்லரெத்தினத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. கைமாற்று இல்லை. சொந்த வாயால் வரவழைத்த கடன்.

கல்முனையில் அப்போது மீராமுகைதீனுக்கு நிகரான மெக்கானிக் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பழைய இரும்பு பொறுக்கிக் கராஜ் போட்டு, என்ஜின் தூக்கச் சொந்தமாகச் சங்கிலிக் கப்பியும் வாங்கியவன். எழுபத்தொன்பதாம் ஆண்டு நோன்பு மாதத்தில், ஆலையடிவேம்பு நல்லரெத்தினம் தன் வாடகைக் காரைக் கொண்டுவந்து விட்டான்.

“மூக்கடைச்சவன் ஓடுவானா தம்பி? பெரிய வால்வு போட்டாக் காத்து நிறையப் போகும், இழுவை கூடும், பெற்றோல் குறையும். குறையாட்டி நீ தாற காச உன்ட கையில திருப்பி எண்ணித் தாறன்” என்றான் மீராமுகைதீன்.

பெரிய வால்வு கடைந்து போட்டு, நோன்பு திறக்கச் சற்று முன்னர் நிந்தவூர் வரை ஓட்டிப் பார்த்தான். ஊரே கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் இருக்கிற நேரம். வீதியில் ஒரு சைக்கிள் இல்லை. கார் பறந்தது.

பெருநாள் முடிந்து அறுவடை தொடங்கியது. மீராமுகைதீனைக் காக்கா, அதாவது அண்ணன், என்று அழைக்கும் நல்லரெத்தினம் திரும்பி வந்தான்.

“ஆகாசத்தில ஓட்டவா காக்கா கார் தந்தன்? சந்திக்குச் சந்தி ஆள் ஏத்துறவன் நான். மாட்டு வண்டிலுக்குப் பின்னால போனா இருமுது. பெற்றோலும் முந்தியவிடக் கூடக் குடிக்குது.”

“நீ மிதிக்கிற மிதி சரியில்ல.”

“அப்ப நீங்க மிதிச்சுக் காட்டுங்க.”

மீராமுகைதீனே ஓட்டினான். சந்தைக்கு முன்னால், நெல் வண்டிகளுக்குப் பின்னால் கார் நின்று நின்று போனது. வழியில் ஏறிய ஆமினா உம்மா, “இறங்கித் தள்ளவா மகன்?” என்று கேட்டாள். கடை வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்குக் கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. மிதியில் கிடந்தது வேறு யாருடைய காலோ போலிருந்தது.

கராஜில் என்ஜினைத் திறந்து வைத்தான்.

“விளங்கிட்டு. வாய்க்கால அளவுக்கு மிஞ்சி அகலமா வெட்டினாத் தண்ணி சோம்பி நடக்கும், மண் படியும். மெல்ல ஓடக்குள்ள காத்தும் அப்படித்தான். வேகமில்லாத காத்து பெற்றோலத் தூக்கிட்டுப் போகாது, வழியிலயே விட்டிரும். வேகமா ஓடினாத்தான் பெரிய வால்வுக்கு வேலை. நான் பாத்தது வெறும் வீதியில.”

“முந்தியே சொல்லியிருக்கலாமே காக்கா.”

“முந்தித் தெரியாது.”

அந்தச் சொல்லை அவன் வாடிக்கைக்காரன் எவனிடமும் அதுவரை சொன்னதில்லை. சொன்னபோதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

வால்வு உட்காரும் இடத்தில் துளையைச் சிறிதாக்க வளையம் இறுக்கி, பழைய அளவு வால்வுகளையே பொருத்தினான். கூலி கேட்கவில்லை. முன்னர் வாங்கிய ஆயிரத்து ஐந்நூறும் எப்போதோ செலவாகியிருந்தது.

“கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்களன். அவர் ஓடியா போறார்?” என்றாள் மனைவி பரீனா.

“கதைச்சது நான்.”

சங்கிலிக் கப்பியை அக்கரைப்பற்று வியாபாரி ஒருவன் விலைக்கு வாங்கி ஏற்றிக்கொண்டு போனான். அது தொங்கிய கூரை வளை மரத்தைப் பார்த்தபடி மீராமுகைதீன் தேநீர் குடித்தான். சீனி போட மறந்துவிட்டேன் என்று பரீனா ஓடிவந்தபோது கோப்பை காலியாக இருந்தது.

நல்லரெத்தினம் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். “இப்ப நல்லா இழுக்குது. பாதி தந்தாக் காணும் காக்கா, மிச்சம் வேணாம்.”

“கைய நீட்டு.”

அவன் நீட்டினான். விரித்த உள்ளங்கையில் மீராமுகைதீன் ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தான்.