கன்னி மூலையில் சாய்ந்த தகடுகள்

எங்கள் பட்டறையில் ஒரு தகடு எடுப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள், எட்டடிக்கு நாலடி ஸ்டீல் தகடு ஒன்றைச் சித்திரை மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் ஒரே ஒருமுறை தூக்கிப் பார்க்கட்டும். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் வாடகைக்குப் பிடித்த கொட்டகை எங்களுடையது. பனியன் கம்பெனிகளுக்கு வேண்டிய மேசை, டிராலி, ரேக் எல்லாம் செய்து கொடுக்கிறோம். என் வீட்டுக்காரர் வெட்டுவார், மடக்குவார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த வெல்டர் ஒருவர் பற்றவைப்பார். நான் பில் போடுவதற்கென்று வந்தவள். ஆள் கிடைப்பது குறையக் குறைய, தகட்டின் மறுமுனையைப் பிடிக்கிற ஆளாகவும் ஆகிப்போனேன்.

ஊருக்கெல்லாம் ரேக் செய்து கொடுக்கிற எங்களுக்கு, எங்கள் தகட்டை வைக்க ஒரு ரேக் கிடையாது. கொட்டகை பிடித்தபோது மனையடி சாஸ்திரம் பார்க்க வந்தவர், கன்னி மூலையில்தான் கனம் இருக்க வேண்டும், அங்கே கனம் குறைந்தால் தொழில் நிலைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். கன்னி மூலை என்றால் தென்மேற்கு. எங்கள் ஷட்டரோ வடகிழக்கில் இருக்கிறது. தகடு வெட்டும் மெஷினும் ஷட்டரை ஒட்டித்தான். ஆக, வண்டியிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு தகட்டையும் கொட்டகை நீளம் முழுக்கத் தூக்கிக்கொண்டு போய் அந்த மூலையில் சாய்ப்போம். வேலை வந்ததும் அதே தகட்டை அதே வழியில் திரும்பத் தூக்கி வருவோம். நடுவில் வெல்டிங் மேசை, காலைச் சுற்றும் கேபிள், பாதி முடிந்த டிராலிகள்.

"தேருகூட வருசத்துக்கு ஒருக்காத்தானுங்க சுத்தி வருது. நம்ம ஷீட்டு தெனமும் சுத்துது" என்பேன். அவர் சிரிப்பார். மூலை மட்டும் மாறாது.

தூக்குவதுகூடப் பரவாயில்லை. எடுப்பதுதான் நரகம். எல்லாக் கனத்துத் தகடுகளும், மெல்லியதும் தடித்ததுமாக, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவரில் சாய்ந்து நிற்கும். நமக்கு வேண்டியது எப்போதும் கடைசியில்தான் இருந்து தொலைக்கும். முன்னால் நிற்கிற தகடுகளை ஒருவர் மொத்தமாகத் தன் பக்கம் இழுத்து நெஞ்சில் சாய்த்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியில் இன்னொருவர் கைவிட்டு, பின்னால் இருப்பதைப் பக்கவாட்டில் உருவ வேண்டும். இந்தப் பக்கத்துச் சின்னப் பட்டறைகள் பலவற்றில் இப்படித்தான் எடுக்கிறார்கள். இது வேலைமுறையா விஷப்பரீட்சையா என்று யாரும் யோசிப்பதில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. வேலை முடிந்தால் போதும் என்ற அலுப்பில் யோசனையெல்லாம் எங்கே வரும்?

அன்றைக்கு வெல்டர் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தார். நாங்கள் இருவர்தான். ஒரு கட்டிங் மேசைக்குப் பதினாறு கேஜ் கனமுள்ள தகடு வேண்டியிருந்தது. வழக்கம்போல அது சுவரோடு சுவராகக் கிடந்தது. அவர் முன் தகடுகளை இழுத்து நெஞ்சில் தாங்கிக்கொண்டார். நான் உருவினேன், வரவில்லை. அடியில் போட்டிருந்த கட்டையில் தகட்டின் விளிம்பு கடித்துக்கொண்டிருந்தது. சின்னக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இடைவெளிக்குள் முழுதாக நுழைந்து நெம்பினேன்.

அப்போது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சு பாதியில் அறுந்த மாதிரி.

"புள்ள, இடுப்பு புடிச்சுக்கிச்சு. வெளிய வந்துரு" என்றார்.

வரத்தான் பார்த்தேன். சேலைக்கு மேல் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தேன். வேலைக்குப் போகிற பெண்கள் இங்கே எல்லோரும் போடுவதுதான். அந்தச் சட்டையின் பின்பக்கம் தகட்டு மூலையில் மாட்டிக்கொண்டது. கையைப் பின்னால் கொண்டுபோகக்கூட இடமில்லை. இழுத்தேன், கிழியவும் இல்லை. பாழாய்ப்போன சட்டை, துவைக்கும்போது மட்டும் நன்றாகக் கிழியும்.

நிலைமை எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவர் தகடுகளைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டால் அவர் தப்பித்தார், ஆனால் நடுவில் நான் இருக்கிறேன். தாங்க முடியாமல் விட்டுவிட்டால் அத்தனையும் அவர் மேல் விழும். இடுப்பு பிடித்த மனிதரால் விலகி ஓடவும் முடியாது.

"வந்துட்டியா புள்ள?" என்று கேட்டார்.

"வந்துட்டேனுங்க. செவுத்துப் பக்கம் தள்ளி உடுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் ஒழுங்கான பதில் இல்லை. அந்தக் கனம் அவர் நெஞ்சில் விழக்கூடாது, அவ்வளவுதான் மனதில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் தள்ளவில்லை. "வந்துட்டேனுங்க, உடுங்க" என்று மறுபடியும் சொன்னேன். பதிலே இல்லை. தகடுகள் நடுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. இடுப்பு இறுகிப்போனதால் தள்ளவும் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அலற ஆரம்பித்தேன். பக்கத்து நிட்டிங் யூனிட்டில் மெஷின்கள் ஓடுகிற இரைச்சலில் என் சத்தம் எங்கே போய்ச் சேரும்?

நல்லவேளை, அந்த யூனிட்டில் வேலை பார்க்கிற வடக்கத்திக்காரர் ஒருவர் சக்கரம் உடைந்த டிராலியைப் பற்றவைக்கத் தள்ளிக்கொண்டு வந்தார். பார்த்த மாத்திரத்தில் டிராலியை விட்டுவிட்டு யூனிட் வாசலுக்கு ஓடி, இந்தியில் கத்தி ஆட்களைக் கூப்பிட்டார். ஓடி வந்தவர்கள் தகடுகளைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணா, விடு, நான் பிடிச்சாச்சு" என்று அந்த வடக்கத்திக்காரர் சொல்லியும் என் வீட்டுக்காரர் கையை விடவில்லை. இன்னொருவர் என் சட்டையை அறுத்து என்னை வெளியே இழுத்த பிறகுதான் விட்டார். அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது என்றார் டாக்டர். இனிமேல் கனம் தூக்கக்கூடாது, மறுபடி இப்படி ஆனால் கால் மரத்துப்போகும், நடமாட்டமே போய்விடலாம் என்றார். கனம் தூக்காமல் தகட்டுப் பட்டறை எப்படி நடத்துவது என்பதை அவர் சொல்லவில்லை. அவர் என்ன செய்வார், பாவம். வேறு தொழில் எங்கள் இருவருக்கும் தெரியாது.

படுத்திருந்த நாட்களிலும் கன்னி மூலையை விட்டுக்கொடுக்கவில்லை அவர். ரேக் அடித்து மெஷினுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றால், "அந்த மூல காலியாயிருமல்ல புள்ள" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"மூலைக்குப் பாத்துப் பாத்து உங்க முதுகெலும்பு போச்சுங்க. நடக்க முடியாம நீங்க இங்க கெடந்தீங்கன்னா அங்க எந்த மூலைல என்ன இருந்து யாருக்கு என்ன ஆகோணும்?" என்று கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதைச் சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

வழி கிடைத்தது நல்லூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில். மேசை இறக்கப் போயிருந்தேன். துணியில் அச்சடிக்கிற பெரிய சட்டங்களை அங்கே படுக்கப் போடவும் இல்லை, சாய்க்கவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடைவெளி விட்டு நிற்க வைத்திருந்தார்கள். ஒரு பெண் ஒற்றைக் கையால் ஒன்றை உருவிக்கொண்டு போனாள், மற்றது எதுவும் அசையவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இந்தக் கம்பெனிக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன், கண் இருந்தும் பார்க்கவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய வெல்டரிடம் சொன்னேன். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா யக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டார். எல் வடிவ ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்தோம். ஒவ்வொரு கனத்துக்கும் தனித் தடுப்பு. ஒவ்வொரு தடுப்பிலும் சில தகடுகள் மட்டும், அடியில் வரிசையாகப் பேரிங். தகடு அதன்மேல் உருண்டு நேராக வெட்டும் மெஷின் மேசைக்கே வந்துவிடும். வெட்டியதில் மிஞ்சுகிற துண்டுகளுக்கு மேலே சின்னத் தடுப்புகள். வண்டியிலிருந்து இறக்குகிறவர்களே தகட்டை அதில் ஏற்றிவிட்டுப் போகலாம். கன்னி மூலைக்கு, ஓடாமல் கிடந்த பழைய டிரில்லிங் மெஷினை நகர்த்தி வைத்தார் வெல்டர். கனத்துக்குக் கனமும் ஆயிற்று.

இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஒரு நாள் என் வீட்டுக்காரர் பட்டறைக்கு வந்தார். ரேக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த மூலையைப் பார்த்தார். ஒரு தகட்டைப் பிடித்து மெதுவாக இழுத்தார். கரகரவென்று உருண்டு வந்தது. நான் பழக்கதோஷத்தில் மறுமுனையைப் பிடிக்க ஓடினேன்.

"வேண்டாம், உடு" என்றார். தகடு மேசையில் ஏறி நின்றது. அவர் வலியில் முகம் சுளிக்கவில்லை. இனி இவர் தொழிலை விட வேண்டியதில்லை என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அவர் அளவு போடுவதற்குக் குனியாமல், தகட்டின்மேல் கையை வைத்தபடியே நின்றார்.

"அன்னைக்கு நீ வெளிய வரலைன்னு எனக்குத் தெரியும் புள்ள" என்றார்.

"எப்பிடிங்க?"

"ஷீட்டுக்குப் பொறத்தால இருந்து பேசுனா கொரலு கிண்ணுன்னு வரும். இத்தன வருசமா கேக்கறனல்ல."

இத்தனை நாளும் இதை மனதில் வைத்துக்கொண்டா படுத்திருந்தார் என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "பின்ன ஏனுங்க ஒரு வார்த்த பேசல? நான் பாட்டுக்குக் கத்திட்டு இருக்கறேன்" என்றேன்.

"பேசுனா மூச்சு போயிரும். மூச்சு போனா கையி உட்டுரும்" என்றார்.

சொல்லிவிட்டு அளவுகோலை எடுத்துத் தகட்டில் வைத்தார். எனக்குக் கண் கலங்கி, அவர் போட்ட கோடு தெரியவில்லை.