முதல் பெஞ்சில் ஒரு தூக்கம்

மூன்று மின்விசிறிகள், நாற்பத்திரண்டு மாணவர்கள், முதல் பெஞ்சில் ஒரு தூக்கம். பல்கலைக்கழகத்தில் நான் புள்ளியியல் நடத்திய எட்டு மணி வகுப்பு அப்படித்தான் தொடங்கும்.

கால் சென்டர்கள் பெருகிக்கொண்டிருந்த வருடங்கள். செகந்திராபாத் பக்கம் திருமுல்கேரியிலிருந்து வந்து படித்த அந்தத் தமிழ்ப் பெண்ணுக்குக் கொண்டாப்பூரில் இரவு வேலை. விடிந்ததும் கம்பெனி வண்டி அவளை நேராக எங்கள் வாசலில் இறக்கிவிடும். நான் பலகையில் சராசரி என்று எழுதி முடிப்பதற்குள் அவள் கன்னம் நோட்டின் மேல் சாய்ந்திருக்கும். ஜன்னல் வெயில் அவள் தோளில் ஏறி, மெல்ல நகர்ந்து, அடுத்த பெஞ்சுக்குப் போகும். நானும் என்னையறியாமல் குரலைத் தாழ்த்துவேன். ஏரி நடுவே நிறுத்திய படகில் நின்று பாடம் சொல்வது போலிருக்கும்.

வருகைப் பதிவில் அவள் வந்ததாகவே குறித்தேன். துறைத் தலைவர் கூப்பிட்டார். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும்.

"தூங்குற பொண்ணுக்கு கைக்கு சார், எதுக்கு அட்டெண்டன்ஸ்? ஆப்சென்ட் போடுங்க. பரீட்சைக்கு விடலைன்னா தானா முழிச்சுக்கும்."

"என் வகுப்பு சார். யார் இருந்தாங்கன்னு நான்தான் சொல்லணும்."

"ஹவ், ஆமா, இருந்தாங்க. படிச்சாங்களா?"

என் உரிமையைப் பேசிவிட்டு வந்தேன். ஹப்சிகுடாவில் வீடு சேரும்வரை மனம் அரித்தது. பரீட்சைக்கு விட்டாலும் அவள் எதை எழுதுவாள்?

மறுநாள் அவளிடமே கேட்டேன். "உனக்கு எப்பம்மா முழிப்பு இருக்கும்?"

"லேடீஸ் ரூம்ல தூங்கி எழுந்தா ரெண்டு மணிக்கு, சார். எனக்காக கிளாஸை மாத்த நக்கோ சார், வேணாம், எல்லாரும் என்னைத் திட்டுவாங்க."

"திட்டினா என்னைத் திட்டட்டும்."

எட்டு மணிக்கு வேறொரு வகுப்பை எடுத்துக்கொண்டு, இவர்களுடையதை இரண்டு மணிக்கு மாற்றினேன். என் மதியத் தூக்கம் போயிற்று.

முதல் நாள். வெளியே வேப்பமரம்கூட அசையவில்லை. பலகை நிறைய எழுதிவிட்டுத் திரும்பினேன். சாப்பிட்டு வந்த தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்திருந்தன. எண்ண ஆரம்பித்தேன், இருபத்தொன்பதில் எனக்கே கொட்டாவி வந்தது. முதல் பெஞ்சில் மட்டும் ஒரு பேனா நிமிர்ந்திருந்தது.

"சார், அந்த மூணாவது வரி புரியலை. முதல்லேர்ந்து சொல்றீங்களா?"

"முதல்லேர்ந்துன்னா?"

"சராசரியிலேர்ந்து, சார்."

மற்றவர்களை என்ன செய்வதென்பது நாளைய கவலை. பலகையைத் துடைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், சராசரியிலிருந்து ஆரம்பித்தேன்.