சின்னம்மாவுக்குக் கொழும்பு காட்டிய இரண்டு நாள்

என் மகளுக்கு இப்போது எட்டு வயது. ஒரே நாளில் அவளுக்கு நான் இரண்டு கட்டளைகள் போடுவதாகக் கணவர் சொல்லிச் சிரிப்பார். காலையில், "பொய் சொல்லப்படாது." மாலையில் வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டால், "எல்லாத்தையும் சொல்லிக்கொண்டு நிக்கப்படாது." அப்போது அவள் முகத்தில் ஒரு குழப்பம் வரும். அது எனக்கு நன்றாகத் தெரிந்த குழப்பம். அதே வயதில், ஒரு சனியும் ஞாயிறும், அந்த முகத்தோடுதான் நான் கொழும்பில் திரிந்தேன்.

எங்கள் குடும்பம் செட்டிபாளையத்திலிருந்து கொழும்பு பார்க்கக் கிளம்பியதே ஓர் அதிசயம். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். மட்டக்களப்பு டவுனுக்குப் போவதென்றாலே இரண்டு நாள் யோசிப்பவர். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த சில மாதங்கள் அவை. சோதனைச் சாவடிகளில் இறங்கி, நடந்து, மறுபடி ஏறி, அப்பாவும் அம்மாவும் அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் நானும் ஒரு வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். கொழும்பில் வேலை பார்த்த மாமா எங்களுக்கு ஓர் அறை எடுத்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை மிருகக்காட்சிச்சாலை. சின்னம்மாவுக்கு அம்மா பட்டுச்சேலை உடுத்துவிட்டா.

"குரங்கு பார்க்கப் போறதுக்கு ஏன் பட்டுச்சேல?" என்று கேட்டேன்.

"கொழும்பில எல்லாரும் அப்பிடித்தான் புள்ள."

அங்கே போய்ப் பார்த்தால் எல்லாரும் அப்படி இல்லை. யானைகளுக்கு முன்னால் நின்றபோது மாமா திடீரென்று, "அட, இஞ்ச பாருங்க ஆரு வந்திரிக்கிறது எண்டு!" என்று கத்தினார். பச்சைச் சேலை கட்டிய ஒரு பருத்த அம்மா, எதற்கும் தலையாட்டும் அவருடைய கணவர், மூக்குக்கண்ணாடி போட்ட மகன். கல்குடாப் பக்கத்து ஆட்கள், கொழும்பில் கடை வைத்து வெகுகாலமாம். இரண்டு பக்கமும் ஒரேயடியாக ஆச்சரியப்பட்டார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்தே நடந்தோம்.

பெரியவர்கள் மெதுவாகப் பின்தங்கிவிட, நீர்யானைத் தொட்டிக்கு முன்னால் சின்னம்மாவும் கண்ணாடிக்காரரும் நானுமாக நின்றோம். நீர்யானை தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. அவர்கள் இருவரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழும்புற மாதிரித் தெரியல்ல" என்றார் அவர்.

"எங்கட ஊர் எருமையும் இப்பிடித்தான். ஆக்கள் போனாத்தான் எழும்பும்."

"அப்ப நாங்க போகணுமா?"

"எனக்கு அவசரமில்ல" என்றா சின்னம்மா.

எனக்கு அவசரம் இருந்தது. சிங்கம் பார்க்க வேண்டும். ஆனால் அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

மத்தியானம் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அங்கேயும் அதே குடும்பம் உட்கார்ந்திருந்தது. அதே ஆச்சரியத்தை எல்லாரும் இன்னொரு தரம் பட்டார்கள். கொழும்பு செட்டிபாளையத்தை விடச் சின்ன ஊராக இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். எங்கள் ஊரில்கூட ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு தரம் கண்டு யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

முதலில் சூப் வந்தது. அம்மா அதைச் சோற்றுக்கு ஊற்றும் ஆணம் என்று நினைத்து, வெறும் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி, சோறு வரட்டும் என்று காத்திருந்தா. சோறு வந்ததும் ஊற்றிப் பிசைந்தா. கண்ணாடிக்காரர் அதைக் கண்டார். தானும் தன் சோற்றில் சூப்பை ஊற்றிக்கொண்டார். சின்னம்மா குனிந்து சிரித்தா. அப்படியொரு சிரிப்பை அவவிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை.

பச்சைச் சேலை அம்மா என்னைத் தன் பக்கத்தில் இருத்தியிருந்தா.

"சின்னம்மாட வீடு பெரிசா மகள்?"

"ஓம், பெரிசு."

"வர்ணம் அடிக்கிறதுதான் மிச்சமாம், என்ன?"

"இல்ல. சுவர் ஜன்னல் உயரத்துக்குத்தான் வந்திரிக்கு. கூர இல்ல. உள்ளுக்க எங்கட ஆடு ரெண்டும் நிக்குது." உதவியாக இருக்கட்டும் என்று மேலும் சொன்னேன்: "மழை பெஞ்சா ஆடு நனையும்."

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து இருப்பான். பழைய வீடு மூத்தவளான அம்மாவுக்குப் போய்விட்டது. சின்னம்மாவுக்கென்று தொடங்கிய வீடு, சீமெந்து கிடைக்காத காலத்தில் பாதியில் நின்றது. வர்ணம் அடிப்பதைத் தவிர எல்லாம் முடிந்துவிட்டது என்று மாமா அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஊருக்குள் பெண் பார்க்க வந்து வேண்டாம் என்று போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் கொழும்பு, அதனால்தான் யானை. இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது வளர்ந்த பிறகு. என்னிடம் சொன்னால் நான் எல்லாருக்கும் சொல்லிவிடுவேன் என்று பயந்து, அன்று சொல்லாமல் விட்டிருந்தார்கள்.

"இந்தச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று அந்த அம்மா கரண்டியை வைத்தா.

வெளியே வந்ததும் மாமா பச்சைச் சேலை அம்மாவிடம் ஏதோ விளங்கப்படுத்தத் தொடங்கினார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்காரர் என்னைக் கூட்டிப்போய் ஓர் ஐஸ்கிரீம் வாங்கித் தந்து, என் உயரத்துக்குக் குந்தினார்.

"சின்னம்மாட்ட ஒரு விசயம் சொல்லணும். வீட்டைப் பத்தி எனக்கு ஒண்டுமில்ல. நாளைக்குக் காலம பத்து மணிக்கு நூதனசாலை வாசல்ல நான் தனிய நிப்பன். அவவுக்கு விருப்பமெண்டா வரட்டும். வராட்டி நான் விளங்கிக்கொள்ளுவன். அவவிட்ட மட்டும். சொல்லுவீங்கதானே?"

வாய் நிறைய ஐஸ்கிரீமோடு தலையாட்டினேன்.

அறைக்குத் திரும்பியதும் அம்மா என்னைக் குளியலறைக்குள் இழுத்துப் போய்த் தொடையில் கிள்ளினா.

"உனக்கிரிக்கிறது வாயா, லவுட்ஸ்பீக்கரா?"

"நான் பொய் சொல்லல்ல."

"ஆரு உன்னட்ட உண்மையக் கேட்ட? இனி அந்த ஆக்களப் பத்தி ஒரு சொல்லு உன்ட வாயால வரப்படாது. ஆரு கேட்டாலும்."

"சின்னம்மா கேட்டா?"

"அவ கேட்டா முக்கியமாச் சொல்லப்படாது. அவள் படுற கவலயே காணும்."

பிறகு அம்மாவும் அழுதா. கிள்ளியவளே ஏன் அழுகிறாள் என்பது அன்றைய பல குழப்பங்களில் இன்னொன்று.

பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடை தின்றோம். கடல் எங்கள் ஊரிலும் இருக்கிறது. இதைப் பார்க்க இவ்வளவு தூரம் வருவானேன் என்று எனக்குப் பட்டது. மூன்றாவது தரமும் அந்தக் குடும்பம் எதிர்ப்படும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டம் விட்டவர்களுக்கு நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட யார் வந்தாலும் சின்னம்மாவும் திரும்பிப் பார்த்தா.

ஞாயிறு காலை மாமா வந்தார். "இண்டைக்கு நூதனசாலைக்குப் போய் ராசாமார்ட சிம்மாசனம் பார்க்கிறது எண்டுதான் இரிந்த. போவமா?"

"இனி என்னத்தப் பார்க்கிற? காலம பஸ்ஸிலேயே போயிருவம்" என்றார் அப்பா.

"அவளையும் கேளுங்க" என்றார் மாமா. சின்னம்மா கட்டிலில் இருந்து எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தா. யோசித்துச் சொல்வதாகச் சொன்னா. மற்றவர்கள் வராந்தாவுக்குப் போனதும் பின்னுவதை நிறுத்திவிட்டு, குனிந்து கேட்டா.

"நேத்து அவர் உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தவர்தானே. அப்ப ஏதும் சொன்னவரா புள்ள?"

என் தொடை இன்னும் நொந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் நிழல் தெரிந்தது.

"இல்ல."

"ஒண்டுமே சொல்லல்லயா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"உருகுது, கெதியாத் தின்னச் சொன்னவர்."

சின்னம்மா மூக்கால் சிரித்தா. மிச்சப் பின்னலை முடித்து ரிபன் கட்டினா. பிறகு எழுந்து கதவைத் திறந்து, "எனக்கும் ஒண்டும் பார்க்கத் தேவல்ல. ஊருக்குப் போவம்" என்றா.

அந்த வீட்டுக்கு ஒரு நாள் கூரை வந்தது. ஓடு போட்டு, வர்ணமும் அடித்தார்கள். பிறகும் இரண்டு மூன்று இடங்களிலிருந்து கேட்டு வந்தார்கள். எல்லாருக்கும் சின்னம்மா வேண்டாம் என்றே சொன்னா. இப்போது அறுபதை நெருங்கிவிட்டா. அந்த வீட்டில் தனியாக இருக்கிறா. ஐஸ்கிரீம் வாங்கித் தந்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. விடுமுறைக்கு என் மகளை அங்கே விடும்போதெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன். போன மாதம் பிள்ளைகளுக்குக் கொழும்பு காட்டப் போனோம். நூதனசாலை வாசலில் இறங்கியவுடன், மூக்குக்கண்ணாடி போட்ட வயதானவர் யாரும் நிற்கிறாரா என்று பார்த்தேன். யாரைத் தேடுகிறாய் என்று கேட்ட கணவரிடம், தண்ணீர் விற்பவரை என்று சொன்னேன்.

அன்று பஸ்ஸில் அம்மா எனக்கு ஜன்னலோர இருக்கையைத் தந்தா. "இண்டைக்கு என்ட புள்ள நல்ல புள்ள" என்று தலையைத் தடவினா. கொழும்பின் கட்டடங்கள் முடிந்து தென்னந்தோட்டங்கள் தொடங்கியிருந்தன. முன் இருக்கையில் சின்னம்மா கண்களை மூடியிருந்தா, ஆனால் தூங்கவில்லை. அப்பாவிடம் நேரம் கேட்டேன். பத்து என்றார். கண்ணாடிக்காரர் இப்போது வெயிலில் நிற்பாரே, பாவம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு, வராவிட்டால் விளங்கிக்கொள்ளுவேன் என்று அவரே சொன்னது ஞாபகம் வந்தது. அதனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று நிம்மதியாக வெளியே பார்க்கத் தொடங்கினேன்.